24 வார்த்தைகளும் ஒரு எவர்சில்வர் தட்டும்



"பிட்காயின் வாங்கலாமா சார்?" என்று யாரும் இன்பாக்ஸில் வர வேண்டாம். வாங்கு என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். வாங்கியவர்கள் அதை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

2019-ல் என் மகன், பேத்தி படிப்புக்கு உதவும் என்று கொஞ்சம் வாங்கி, பென் டிரைவ் மாதிரி ஒரு ஹார்டுவேர் வாலட்டை என்னிடம் கொடுத்தான். "அப்பா, காசு இதுக்குள்ள இல்ல. இது தொலைஞ்சா வேற வாங்கிக்கலாம். இந்த 24 வார்த்தை தொலைஞ்சா எல்லாம் போச்சு" என்றான். அந்த ஆங்கில வார்த்தைகளை வரிசையாகத் தாளில் எழுதி, பூஜை அறையில் பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகினேன். அவன் பிரதி எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவிடம் இருக்கிறதே என்ற தைரியம்.

போன மார்கழியில் நெஞ்சுவலி. தில்லைநகரில் ஐந்து நாள் ஆஸ்பத்திரி. ஐ.சி.யூ.வில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் உறைத்தது. அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் கருவியை எடுத்தேன். பின் நம்பர் மறந்துவிட்டது. மூன்று தடவை தப்பாகப் போட்டால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் வகை அது. அழித்துக்கொண்டது. படத்தின் பின்னால் கையை விட்டால் தாள் சுவரோடு ஒட்டியிருந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஊரில் சுவர் ஓதத்துக்குக் கேட்கவா வேண்டும்! மை பரவிவிட்டது. அடி ஓரத்தை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது.

மகன் போனில், "பதறாதீங்கப்பா. வார்த்தையை மட்டும் போன்ல படிக்காதீங்க" என்றான். எல்லாம் 2048 வார்த்தைகள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. முதல் நான்கு எழுத்து தெரிந்தால் போதும், வார்த்தை எதுவென்று சொல்லிவிடலாம். பூதக்கண்ணாடி வைத்து 23-ஐ மீட்டேன். கடைசி வார்த்தையில் முதல் இரண்டு எழுத்துதான் மிச்சம். பட்டியலில் அப்படித் தொடங்குபவை ஏழு. கடைசி வார்த்தைக்குள் மற்றவற்றைச் சரிபார்க்கும் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. தப்பாகப் போட்டால் பெரும்பாலும் கருவி ஏற்காது. ஒவ்வொரு தடவையும் 24-ஐயும் முதலிலிருந்து போட வேண்டும். ஐந்தாவது வார்த்தைக்குத் திறந்தது. அப்போது ராத்திரி இரண்டு மணி.

ஒப்பிடுகிறேன் என்று கோபிக்காதீர்கள். 1323 படையெடுப்பில் நம்பெருமாளை ஊர் ஊராகக் கொண்டுபோய் மறைத்துக் காத்தார்கள். 1371-ல் திரும்பி வந்தபோது, இவர்தானா என்று சொல்ல ஊரில் ஆளில்லை. பார்வையிழந்த வயதான சலவைத் தொழிலாளி ஒருவர், திருமஞ்சனத்தில் நனைந்த வஸ்திரத்தின் மணத்தை வைத்து அடையாளம் சொன்னார் என்பது ஐதிகம். ஒளித்து வைத்தால் மட்டும் போதாது. அறிந்தவர் ஒருவராவது மிஞ்ச வேண்டும்.

தாளை நம்பாமல் எவர்சில்வர் தட்டில் பதிக்க முடிவு செய்தேன். பாத்திரத்தில் பேர் வெட்டும் கடை வரை போய்விட்டேன். வாசலில்தான் புத்தி வந்தது. வெட்டுபவரிடம் 24 வார்த்தையையும் கொடுப்பது சாவியையே கொடுப்பதல்லவா? எழுத்து அச்சு செட் ஒன்று வாங்கி வந்து, சுத்தியலால் நானே அடித்தேன். இரண்டு தட்டுகள். "இந்த வயசுல என்னங்க பட்டறை?" என்றாள் என் மனைவி.

ஒன்று வீட்டில், ஒன்று பேங்க் லாக்கரில். எது எங்கே என்று அவளுக்கும் மகனுக்கும் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

வைத்திருப்பவர்களுக்கு: வார்த்தைகளைப் போட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். யார் போனில் கேட்டாலும் அவன் திருடன்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கருவியைச் செருகிப் பாருங்கள். அப்டேட் போடும் முன் வார்த்தைகள் கைவசம் இருக்கின்றனவா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை அவற்றை வைத்துத் திறக்கிறதா என்று சோதியுங்கள். விடையைச் சரிபார்க்காமல் பேப்பரைக் கொடுக்காதே என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நானே செய்யவில்லை.

பிட்காயின் இல்லாதவர்களும் இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். இன்சூரன்ஸ், எஃப்.டி., வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று துணையிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார், ஸ்ரீரங்கம்