கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

மக்களே, இது ஃபைனல் இயர் சீசன். கேன்டீன்ல யாரைக் கேட்டாலும் ரெண்டே பதில்தான்: "ஆஃபர் லெட்டர் வந்துருச்சு", இல்லன்னா "அட்மிட் வந்துருச்சு". எனக்கு ரெண்டாவது. ஜெர்மனியில் ஹாம்பர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறேன்.

எந்த யுனிவர்சிட்டி, எந்த கோர்ஸ், எந்த பேங்க்ல லோன் என்று எல்லாத்துக்கும் எக்செல் ஷீட் போட்டுத்தான் முடிவெடுத்தேன். ஆனால் அந்த ஊரில் எந்த ஏரியாவில் தங்குவது என்ற கேள்விக்கு மட்டும் ஷீட் வேலைக்கு ஆகவில்லை. அதற்கு வழி சொன்னவர் சேலத்தைத் தாண்டி அதிகம் போகாத எங்கப்பா. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். ஸ்கூலில் தமிழ் எனக்கு செகண்ட் லாங்குவேஜ். அந்தப் பரீட்சைக்கு அப்புறம் இவ்வளவு நீளமாக எழுதுவது இப்போதுதான். ஒற்றுப்பிழை இருந்தால் பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் ஏற்காடு. நீங்க கோடை விழாவுக்கோ பைக் ட்ரிப்புக்கோ வந்திருப்பீங்க. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரியில் போட் ஓட்டி, லேடீஸ் சீட்ல செல்ஃபி எடுத்து, சாயங்காலம் இறங்கிப் போயிருப்பீங்க. அப்பாவுக்கு அங்கே வயரிங், மோட்டார், பைப் வேலை. எஸ்டேட் பங்களாவில் இருந்து நேற்று கட்டின வில்லா வரை, மலையில் அவர் ஸ்க்ரூடிரைவர் படாத வீடு குறைவு.

யோசித்துப் பார்த்தால் எங்க மலையே வெளியூர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த ஏரியாதான். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்றும், அதில் பெரியண்ணன் இந்த மலைக்கு வந்தார் என்றும் சொல்கிறார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அப்புறம் தோட்டத்துரைகள், கான்வென்ட், போர்டிங் ஸ்கூல், இப்போது வீக்கெண்ட் வீடு வாங்குகிற பெங்களூர், சென்னைக்காரர்கள்.

அப்படி வந்தவர்களில் ரிட்டயர் ஆன ஒரு தம்பதியை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி, கண்ணாடிச் சுவர் வச்ச வீடு. ஏப்ரலில் பார்த்தார்கள், மே மாதம் வாங்கினார்கள். ஜூலையில் ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. நாள் கணக்கில் மூடுபனி. சுவரில் பூஞ்சை பிடித்தது. அடுத்த கோடையில் கிணறு வற்றி, டேங்கர் தண்ணீர். அங்கிளுக்கு செக்கப் என்றால் ஒவ்வொரு தடவையும் சேலத்துக்கு இறங்க வேண்டும். ரெண்டே வருஷத்தில் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். மோட்டாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த அன்னைக்கு அப்பா சொன்னார்: "பாவம், நல்ல மனுசங்க. வியூ பாத்தாங்க, தண்ணி பாக்கல."

இனி என் கதைக்கு வருகிறேன். ஹாம்பர்க்கில் எனக்கு மூன்று இடம் கிடைத்தது.

முதலாவது, நம்ம ஊர்ப் பசங்களும் பொண்ணுங்களும் சேர்ந்து எடுத்த ஃபிளாட்டில் ஒரு பெட். மாசம் 280 யூரோ. தமிழ் பேச்சு, ரசம் சாதம், பொங்கலுக்குப் பொங்கல். ஒரே ஒரு சிக்கல்: பேர் பதிவு பண்ண முடியாது. ஜெர்மனியில் வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி ஆபீஸில் முகவரியைப் பதிவு செய்யணும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அந்தப் பதிவு இல்லையென்றால் விசா நீட்டிப்பு, வரி எண், எல்லாமே இழுபறி. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கூடுதலாக இருக்கிற ஆளுக்கு யார் கடிதம் தருவார்?

இரண்டாவது, ஐம்ஸ்பியூட்டல் என்ற அழகான பகுதியில் ஒரு ஸ்டூடியோ. மரம் வரிசையாக நிற்கும் தெரு, மூலைக்கு மூலை கஃபே. ஃபோட்டோ பார்த்ததுமே விழுந்துட்டேன். வாடகை 850. விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் வருஷத்துக்கு 11,904 யூரோ போடுகிறோம் இல்லையா, அதில் இருந்து மாசம் கையில் வருவது 992. வாடகை போக மிச்சம் 142. அதில் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கட்டினால் சாப்பாட்டுக்கு காற்றுதான்.

மூன்றாவது, ஹார்பர்க்கில் ஒரு ஷேரிங் ஃபிளாட்டில் தனி ரூம். 460 யூரோ. கூட இருப்பது ஒரு ஜெர்மன் பொண்ணு, ஒரு ஈரான் பொண்ணு. எல்பே ஆற்றுக்குத் தெற்கே, சிட்டி சென்டருக்கு எதிர்ப்பக்கம். ஆனால் எங்க யுனிவர்சிட்டி இருப்பதே ஹார்பர்க்கில்தான்.

உண்மையைச் சொல்றேன், நான் முதலில் சாய்ந்தது அந்த 280 யூரோ பெட்டுக்கு. காசு மட்டும் காரணம் இல்லை. பயம். தனியாக, பாஷை தெரியாமல், குளிரில். பதிவை அப்புறம் பார்த்துக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் "ஓகே" என டைப் பண்ணி அனுப்பாமல் வைத்திருந்தேன்.

அன்று ராத்திரி வீட்டுக்கு ஃபோன் பண்ணினேன். எல்லாவற்றையும் விளக்கினேன். அப்பா மூன்றே கேள்விதான் கேட்டார்.

"தண்ணி எப்படி கண்ணு? கடைசி பஸ் எத்தன மணிக்கு? ராத்திரி ஒடம்புக்கு முடியலன்னா யார் கதவத் தட்டுவ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, அங்க குழாய்த் தண்ணியே குடிக்கலாம். இது நம்ம ஊர் இல்லப்பா." அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி கண்ணு, நீ படிச்சவ" என்று ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அந்த வார்த்தை தூங்கவிடவில்லை.

மறுநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். தண்ணீரில் இருந்து ஆரம்பித்தேன். ஹார்பர்க்குக்கும் சென்டருக்கும் நடுவில் வில்ஹெல்ம்ஸ்பூர்க் என்று ஒரு பகுதி. அங்கேயும் சில ரூம்களைப் பார்த்து வைத்திருந்தேன், வாடகை கம்மி என்று. அது எல்பே ஆற்றுக்கு நடுவில் இருக்கிற தீவு. 1962 பிப்ரவரி 16 இரவு புயலில் கடல் நீர் ஆற்றுக்குள் ஏறி, கரைகள் உடைந்து, ஹாம்பர்க்கில் 315 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அந்தத் தீவில், தூக்கத்தில் இருந்தவர்கள். அதன் பிறகு வசதி இருந்தவர்கள் பலர் வெளியேற, வேலைக்காக வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். இன்று கரைகள் உயரமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. நிறைய மாணவர்களும் அங்கே தங்குகிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் வாடகை குறைவு என்றால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கும் என்று அன்றுதான் புரிந்தது. அப்பாவின் கேள்வி நான் நினைத்த அளவு வெள்ளந்தியான கேள்வி இல்லை.

கடைசி பஸ்? ஹாம்பர்க்கில் வார இறுதி இரவுகளில் எஸ்-பான் ரயில் விடிய விடிய ஓடுகிறது. வாரநாட்களில் நடு இரவுக்கு மேல் நைட் பஸ்தான். லேபில் லேட் ஆனால் ஐம்ஸ்பியூட்டலுக்கு ஆற்றைத் தாண்டிப் போய் ரயில் மாறணும். ஹார்பர்க் ரூமுக்கு நடந்தே போய்விடலாம்.

மூன்றாவது கேள்விக்கு கூகுளில் பதில் இல்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு மழை ராத்திரி பாட்டிக்கு மூச்சுத் திணறல். மலைப்பாதையில் மரம் விழுந்து வழி அடைப்பு. பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஜீப் இருந்தது. வேலித் தகராறில் அவருக்கும் அப்பாவுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா ஒரு நிமிஷம் வாசலில் நின்றார். அப்புறம் போய்க் கதவைத் தட்டினார். அந்த அண்ணன் எதுவும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். குப்பனூர் பக்கமாகச் சுற்றி இறங்கினோம். பாட்டி பிழைத்துக்கொண்டார். வேலித் தகராறு இன்னும் முடியவில்லை, அது வேற கதை.

அதனால் ஹார்பர்க் ஃபிளாட்டில் இருந்த ஈரான் பொண்ணுக்கு வீடியோ கால் போட்டு நேராகவே கேட்டேன்: "உனக்கு ராத்திரி உடம்பு முடியலன்னா என்ன பண்ணுவ?" அவள் வியப்பாகப் பார்த்தாள். இரவு நேர டாக்டருக்கு 116117, அவசரத்துக்கு 112 என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "கீழ் வீட்டுப் பாட்டியிடம் எங்கள் சாவி ஒன்று எப்போதும் இருக்கும். போன குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தப்போ அவங்கதான் சூப் கொண்டுவந்தாங்க" என்றாள்.

280 யூரோ வீட்டில் இருந்த சீனியரிடமும் இதையே கேட்டேன். "நாங்க இத்தனை பேர் இருக்கோம்ல?" என்றார். அது பொய் இல்லை. ஆனால் ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால் முதலில் பையைத் தூக்க வேண்டியது பேர் இல்லாத நான்தான். "ஓகே"வை அழித்தேன்.

ஹார்பர்க் ரூமை அங்கே படிக்கிற சீனியர் அக்கா ஒருத்தர் நேரில் போய்ப் பார்த்தார். காண்ட்ராக்ட் கையில் வரும்வரை ஒரு யூரோகூட அனுப்பவில்லை. நீங்களும் அனுப்பாதீங்க, "அட்வான்ஸ் போடுங்க, சாவியை போஸ்ட்ல அனுப்புறேன்" என்று மெசேஜ் வந்தால் அது மோசடி. டெபாசிட் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடம் இல்லை. இன்னொன்று: அங்கே "குளிர் வாடகை", "சூடான வாடகை" என்று இரண்டு உண்டு. குளிர் என்றால் வீட்டுக்கு மட்டும். சூடு என்றால் ஹீட்டர், தண்ணீர் செலவும் சேர்த்து. விளம்பரத்தில் எது போட்டிருக்கிறது என்று பாருங்க.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. வீட்டுக்குள்ளே தமிழ் பேச ஆள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பசங்க ஃபிளாட்டுக்கு ரசம் சாப்பிடப் போவேன், சொல்லிவிட்டேன்.

காண்ட்ராக்ட் வந்த அன்று அப்பாவிடம் சொன்னேன். வாடகை எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. "அந்தப் பாட்டி எந்த மாடி?" என்றுதான் கேட்டார். இப்போது அம்மா ரெண்டு கிலோ காபித்தூள் கட்டி வைக்கிறார். ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகக் காபி வந்து இறங்குகிறது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு கிலோ எனக்காம். ஒரு கிலோ, சாவி வச்சிருக்கிற பாட்டிக்காம்.