காது வளர்ப்பது எப்படி?

காலேஜ் பசங்க சிலர் காதுல பட்டன் சைஸுக்கு ஒரு கறுப்பு வளையம், அதுக்கு நடுவுல அந்தப் பக்கம் தெரியுற அளவுக்கு ஓட்டை. பார்த்தவுடனே "வெள்ளைக்காரன் ஃபேஷன்"னு தீர்ப்பு சொல்லிடுவாங்க. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் மட்டும் சிரிச்சுக்குவாங்க. அவங்க ஊர்ப் பாட்டிகளுக்குக் காது தோளையே தொடுமே! பாம்படம், தண்டட்டி போடணும்னு சின்ன வயசுலயே காதைக் குத்தி, ஓட்டையில பஞ்சைத் திரிச்சு வச்சு, கொஞ்சம் கொஞ்சமா பஞ்சைக் கூட்டி, அப்புறம் குணுக்குன்னு கனமான வளையத்தை மாட்டி இழுப்பாங்க. இதுக்குப் பேரே காது வளர்க்கிறது.

ரொம்பச் சரியான பேர். மெதுவா இழுத்தா சதை புதுசா வளர்ந்து இடம் கொடுக்கும். அவசரப்பட்டா உள்ளுக்குள்ள கிழியும். கிழிஞ்ச இடம் தழும்பா ஆறும். தழும்பு நீளாது. அதனால அடுத்த சைஸ் இன்னும் கஷ்டம். ஒரே வாரத்துல மூணு சைஸ் ஏத்துறவங்க காதுல நடக்கிறது இதுதான்.

முதல்ல காது குத்தின புண் முழுசா ஆறணும், குறைஞ்சது ஆறு மாசம். கீழ்ச் சதையில மட்டும்தான் பெருசாக்கலாம். மேல் காதுல இருக்கிறது குருத்தெலும்பு, அங்கே இந்த வேலை வேண்டாம். தடுப்பூசித் தழும்பே மேடு தட்டி வளர்ற உடம்புக்காரங்க இந்த ஆசையையே விட்டுடறது நல்லது.

கடையில சைஸை 'கேஜ்'ல சொல்வாங்க. அது தலைகீழ்க் கணக்கு, எண் குறையக் குறைய ஓட்டை பெருசு. 14 கேஜ்னா 1.6 மி.மீ., 12னா 2 மி.மீ. இந்தப் படி வெறும் 0.4 மி.மீ. தான். ஆனா 2 கேஜ் சுமார் 6 மி.மீ., அடுத்து விக்கிற 0 கேஜ் 8 மி.மீ. அதே 'ஒரு படி'தான், ஆனா அஞ்சு மடங்கு தாவல்! நிறையக் காது கிழியறது இங்கேதான். நடுவுல 7 மி.மீ. கேட்டு வாங்கணும். (கேஜை மறந்துட்டு மில்லிமீட்டர்லயே கணக்கு வச்சுக்கிட்டா வம்பே இல்லை.)

ஒவ்வொரு படிக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு மாசம், பெரிய சைஸ்ல ரெண்டு மூணு மாசம் இடைவெளி வேணும். வெந்நீர்ல குளிச்சு, எண்ணெய் தேய்ச்சு நீவிவிட்டா அடுத்த பிளக் தானா போகணும். லேசா இறுக்கமா இருக்கலாம். வலி, ரத்தம்னா பழைய சைஸுக்குத் திரும்பிடணும். பிளம்பர் குழாய்க்குச் சுத்துற வெள்ளை டேப் தெரியுமில்ல? அதைப் பிளக் மேல ஒரு சுத்து சுத்திப் போட்டு, சில நாளைக்கு ஒரு தடவை இன்னொரு சுத்து கூட்டறவங்க உண்டு. பாட்டிகளோட பஞ்சு டெக்னிக் அப்படியே!

குணுக்கை மட்டும் காப்பியடிக்கக் கூடாது. கனம் கீழ்நோக்கியே இழுக்கும், அடிச்சதை நூலா மெலியும், ஒருநாள் அறுந்துடும். அறுந்த காதோட இருந்த பாட்டிகளும் உண்டு.

புதுசா ஏத்தின காதுக்கு டைட்டானியம் இல்லேன்னா கண்ணாடி, ஓரத்துல விளிம்பு இல்லாத மாடல். ரெண்டு பக்கமும் விளிம்பு இருந்தா, அந்த விளிம்பு நுழையவே கூடுதல் ஓட்டை வேணும். மரம், அக்ரிலிக், சிலிகான் எல்லாம் ஆறின பிறகு. ஓட்டைக்குப் பின்னாடி உதடு பிதுங்கின மாதிரி தோல் வந்துச்சுன்னா உள்தோல் வெளியே தள்ளிடுச்சுன்னு அர்த்தம். உடனே சின்ன சைஸுக்கு இறங்கி, புண் ஆறுற வரைக்கும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணி. சீழ் வச்சா டாக்டர்தான்.

கழட்டிட்டா ஓட்டை தானா சுருங்கிடுமான்னு எல்லாரும் கேட்பாங்க. சின்ன சைஸ்ல ஓரளவு சுருங்கும். எந்த சைஸுக்கு மேல சுருங்காதுங்கிறது ஆளுக்கு ஆள் மாறும், முன்கூட்டியே சொல்ல முடியாது. பாம்படம் பழைய பாணி ஆனப்போ எத்தனையோ பெண்கள் வளர்த்த காதை அறுத்துத் தைச்சுக்கிட்டாங்க. இப்பவும் வழி அதுதான். மரத்துப்போக ஊசி போட்டு, ஓரத்தைச் சீவி, தையல் போடுவாங்க. மறுபடி கம்மல் போடணும்னா சில மாசம் கழிச்சு, தையல் கோட்டை விட்டுத் தள்ளிக் குத்திக்கணும்.