சால்மனுக்கு எதற்கு இத்தனை அலங்காரம்?

முட்டையிட ஆறேறி வரும் சால்மன் மீன் பெரும்பாலும் இரையே எடுப்பதில்லை. ஆனாலும் பளபளவென்று ஏதாவது குறுக்கே போனால் சில சமயம் கவ்விவிடும். அதற்காகவே விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள் தூண்டில் முள்ளில் பட்டுநூல், ஜரிகை, தூரதேசத்துப் பறவைகளின் இறகு எல்லாம் சுற்றி, நகை மாதிரி 'பூச்சி' கட்டினார்கள். சாயம் தோய்த்த கோழி இறகுக்கே மீன் ஏமாந்துவிடும். கட்டுகிறவர்களில் சிலருக்குத்தான் அசல் இறகு வேண்டும்!

2009-ல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்தில், பூச்சி கட்டும் இசைக் கல்லூரி மாணவர் ஒருவர் ஜன்னல் வழியே புகுந்து, பாடம் செய்யப்பட்ட 299 பறவைகளைத் திருடினார். சில, இயற்கை ஆய்வாளர் வாலஸ் சேகரித்தவை. மீட்டபோது பல பறவைகளின் காலில் இடமும் தேதியும் எழுதிய சீட்டு இல்லை. சீட்டு போனால் ஆராய்ச்சிக்கு அநேகமாக உதவாது. இத்தகைய பூச்சிகளில் பல தண்ணீரையே பார்ப்பதில்லை, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன.