தாத்தாவின் திமிரி

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பஸ்ஸில் ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. என் மடியில் பழைய வேட்டியில் சுற்றிய நாகஸ்வரம். "துப்பாக்கியா சார்?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர், பாதி வேடிக்கையாக.

தாத்தா கோயிலில் வாசித்தவர். அவருக்குப் பின் வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. நான் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு தில்லியில் மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். வாத்தியம் மௌனமாகிவிட்டாலும் கதை மட்டும் வளர்ந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாகஸ்வரம் செய்துகொடுத்த ரங்கநாதன் ஆசாரி, அதே கையோடு தாத்தாவுக்கும் ஒன்று செய்தாராம். தில்லிப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் விலை சொன்னதும் இந்தக் கதைக்குத்தான். விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன்.

2022இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர். ஆனால் பட்டறை என்பது வீட்டுத் திண்ணைதான். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சாமரத் தூண்களும் உத்தரங்களும் சுவரில் சாய்ந்திருந்தன. தலைமுறைக் கணக்கில் காய்ந்த மரம், கடையும்போது வெடிக்காது.

ஆசாரி டேப்பை எடுக்கவில்லை. கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டார்: "இது திமிரி சார். பாரி இதைவிட நல்ல நீளம். கடைசல் இந்த ஊருதான். யார் கைன்னு சொல்ல முடியாது."

கதை அங்கேயே முடிந்தது. ஆனால் அவர் விடவில்லை. ஒரு சீவாளியை வாயில் ஊறவைத்துச் செருகி ஊதினார். மத்யமத்துக்கு வந்தபோது ஸ்வரம் வழுக்கியது. பழைய திமிரியில் சுத்த மத்யமம் தானாக நிற்காதாம். வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் இழுத்துப் பிடிக்க வேண்டுமாம். அந்தக் குறையைத் தீர்த்ததுதான் ரங்கநாதன் ஆசாரியின் பெருமை.

"விடியக்காலையில் ஒரே ஸ்வரத்தைப் போட்டு உயிரை வாங்குவார்" என்று பாட்டி சொல்வாள். தாத்தாவுக்கு வாசிப்பு அவ்வளவாக வராது என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

அணைசில் விரிசல். "வாகையில் புதுசு போட்டுடலாம். விக்கறதுக்குன்னா இப்படியே இருக்கட்டும், பழசாத் தெரியும். வாசிக்கவா, விக்கவா?"

"வாசிக்க" என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன்.