மத்தேயுவின் எழுதாத கை

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதவேண்டிய இரவொன்றில், ரெம்பிராண்டின் புனிதர் உருவங்களை அருங்காட்சியகங்களின் இணையக் காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதியின் இணைப்பு மெதுவானது. பெரிதாக்கினால் முகம் முதலில் மங்கிய சதுரங்களாக வரும்; பிறகுதான் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். அந்தத் தாமதம் எனக்குப் பிடித்திருந்தது.

நான் பார்த்தவற்றுள் பல 1661ஆம் ஆண்டில் வரையப்பட்டவை. 1656லேயே ரெம்பிராண்ட் நொடித்துப்போயிருந்தார். வீடும் சேர்த்துவைத்த கலைப்பொருள்களும் ஏலத்தில் போயின. இப்புனிதர்களுக்கு ஒளிவட்டம் கிடையாது. கெட்டி அருங்காட்சியகத்துப் பர்த்தலமேயுவின் கையில் கத்தி இல்லையென்றால், அவரை யாரோ ஓர் ஆம்ஸ்டர்டாம்வாசி என்றே கொள்வோம். ரைக்ஸ் அருங்காட்சியகத்துப் பவுலுக்கு ஓவியர் தம் முகத்தையே கொடுத்துவிட்டார்.

லூவரின் மத்தேயுவிடம்தான் நெடுநேரம் நின்றேன். தேவதூதர் பின்னாலிருந்து தோளில் கைவைத்து, காதருகே ஏதோ சொல்கிறார். மத்தேயு திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கை தாடியைப் பற்றியிருக்கிறது. மறு கையில் எழுதுகோல். ஆனால் அவர் எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஆதிலாபாத் பகுதியில் கோலாமி பேசும் முதியவர் ஒருவரிடம் வினைவடிவங்களைப் பதிவுசெய்தேன். கேட்டவுடன் சொல்லமாட்டார், தாடையைத் தடவியபடி அமைதியாக இருப்பார். அந்த அமைதிகளையும் இருமலையும் பிறர் குரல்களையும் இரைச்சல் என்று வெட்டியெறிந்தேன். களப்பணிப் பயிற்சியில் அப்படித்தான் கற்றிருந்தேன், அல்லது அப்படிப் புரிந்துகொண்டிருந்தேன். இவ்வாண்டு தொடக்கத்தில் அவர் மறைந்தார். என் ஆய்வேட்டில் அவர் ‘தகவலாளர் 4’. அவருடைய ஒளிப்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

மறுநாள் பழைய வன்தட்டிலிருந்து வெட்டாத மூலப் பதிவைத் தேடியெடுத்துக் கேட்டேன். ஓர் எதிர்மறை வடிவத்துக்கு முன் பதினொரு விநாடி அமைதி. எங்கோ கோழி கொக்கரிக்கிறது. பின்னாலிருந்து அவர் மனைவி தாழ்ந்த குரலில் ஒரு வடிவத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் பொறுத்திருந்து, வேறொன்றைச் சொல்கிறார். என் அட்டவணையில் இருப்பது இரண்டாவது மட்டும். அந்த அம்மா வேறு ஊரில் பிறந்து இங்கு மணமுடித்து வந்தவர். அவரிடம் நான் ஒரு சொல்கூடக் கேட்டதில்லை. தேநீர் மட்டும் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

மூன்றாம் இயலைத் தர மேலும் இரண்டு மாதம் வேண்டுமென்று நெறியாளருக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த வாரம் ஆதிலாபாத்துக்குப் புறப்படுகிறேன்.