தொழுகையும் தொளுகையும்

பேச்சுப் போட்டி ஒத்திகையில் எங்கள் தோழி ‘தொழுகை’யைத் ‘தொளுகை’ என்றாள். கொல்லென்று சிரித்துவிட்டோம். அவள் போட்டியிலிருந்தே பெயரை எடுத்துவிட்டாள்.

வெட்கத்துடன் நாகூரிலுள்ள அவள் வீட்டுக்குப் போனோம். அவளுடைய பாட்டி கோபிக்கவில்லை. “எங்கே, அரபியிலே ‘ஐன்’ சொல்லுங்க புள்ளைங்களா!” என்றார். தொண்டையின் நடுவிலிருந்து வரவேண்டிய அவ்வொலி எங்களுக்கு வெறும் ‘அ’வாகவே வந்தது. இப்போது சிரித்தது அவர்!

மறுநாள் தமிழாசிரியை தொல்காப்பியத்தில் பிறப்பியலை விளக்கினார். நாக்கின் நுனி மேலெழுந்து அண்ணத்தைத் தடவினால் ழகரமாம். நாவோரம் தடித்துத் தடவினால் ளகரமாம். கண்ணாடி முன் நின்று பயின்றோம். எங்களிலும் பாதிப்பேர் ‘பளம்’ தின்பவர்களே!

பிறகு சொல்லைப் பிரித்தோம். ‘தொழு’ பகுதி, ‘கை’ விகுதி. ‘வாழ்க்கை’யிலும் ‘செய்கை’யிலும் நிற்கும் அதே விகுதி. கும்பிடும் கையென்றல்லவா இதுவரை எண்ணியிருந்தோம்! அரபியில் ‘ஸலாத்’ என்பதைத்தான் இஸ்லாமியர் இந்தப் பழந்தமிழ்ச் சொல்லால் வழங்குகிறார்கள். பள்ளிவாசலும் நோன்பும்கூடத் தமிழே.

எங்கள் கெஞ்சலுக்கு இரங்கி அவள் மேடையேறினாள். ‘தொழுகை’ வரும் இடத்தில் மூச்சையடக்கிக் காத்திருந்தோம். சரியாகவே சொன்னாள். அடுத்த வரியில் ‘வாழ்க்கை’, ‘வாள்க்கை’ ஆயிற்று. எங்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.