புளியங்காட்டு ஊரும் ஜங்ஷன் ஊரும்

திண்டிவனம் என்றால் புளியங்காடு என்று உங்களுக்குத் தெரியுமோ? வடமொழியில் 'திந்திரிணி' என்பது புளிய மரம். திந்திரிணி வனம்தான் நாளடைவில் திண்டிவனம் ஆயிற்றாம். ஊரிலுள்ள சிவனுக்கும் திந்திரிணீசுவரர் என்றே திருநாமம்.

அங்கே சுவாமி தரிசனம் முடித்து விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர்கூட இராது. பக்கத்து சீட்டில் வயதான அம்மா ஒருவர். "எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல, கலெக்டர்கிட்ட மனு குடுக்கணும்னா கடலூருக்குத்தாம்மா போவணும். விடிகாலைல கட்டுச்சோத்தோட கிளம்பினா ராத்திரிதான் வீடு" என்றார்.

அவர் சொன்னது தென்னாற்காடு மாவட்டக் காலம். 1993 செப்டம்பர் 30-ல் அதைப் பிரித்து, விழுப்புரத்தைத் தலைநகராக்கினார்கள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியும் தனி மாவட்டமாயிற்று. ஐந்து திசைக்கு ரயில் பாதை பிரியும் ஜங்ஷன் ஊரான விழுப்புரத்துக்கு வந்துபோவதும் சுலபம்தான்.

ஆபீஸ் பக்கத்தில் வந்தால் போதுமா? எந்த வேலைக்கு எந்த வாசல் என்று தெரிய வேண்டாமா? விழுப்புரம் 1919-லேயே நகராட்சி ஆன ஊர். இன்று 42 வார்டுகள். திண்டிவனம் நகராட்சியில் 33. குடிதண்ணீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, வீட்டு வரி எல்லாம் நகராட்சியின் பொறுப்பு. ரேஷன் கார்டு, ஜாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா என்றால் தாலுகா ஆபீஸ். திண்டிவனத்தில் சப்-கலெக்டர் அலுவலகமும் இருக்கிறது.

இளம் தாய்மார்கள் ஒன்றை மறக்கக் கூடாது. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பெயரை நாம்தான் சேர்க்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் என்றால் கட்டணமில்லை. பிறகு தாமதக் கட்டணம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். நல்ல நாள் பார்த்துப் பெயர் வைத்த கையோடு பதிந்தும் விடுங்கள்.

உள்ளாட்சியில் பெண்களுக்குச் சரிபாதி இடம் என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2022 தேர்தலில் இந்த இரண்டு நகராட்சிகளுக்கும் தலைவராக வந்தவர்கள் பெண்களே. தண்ணீர் வராத கஷ்டத்தை அவர்களுக்கு விளக்கியா சொல்ல வேண்டும்? தயங்காமல் மனு எழுதுங்கள், சகோதரிகளே! கடலூருக்குக் கட்டுச்சோறு கட்டிய காலம் போயாச்சு.